பாடங்களைப் பொருட்பயன் ஒன்றே நோக்கித் தெரிதல் தகுமோ?

கல்வியால் எய்தும் பயன் யாது என்னும் வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. பிள்ளையைப் பள்ளிக்கு விடுக்கும் பெற்றோர் ஒவ்வொருவரும் தம் உள்ளத்துள் ஒருமுறையேனும் எழுப்பிக்கொள்ளும் வினா அது. அவ்வினா ஒரு வீட்டில் எழுங்கால் அதன் விளைவு அவ்வீட்டளவில் நிற்கும். ஒரு சங்கத்தின் அவையில் எழுங்காலோ பல குடும்பங்களின்மேலும், இனிப் பிறக்கும் பிள்ளைகளின்மேலும் சென்று சாரும். ஆதலின் நம் சங்கத்தார் அதனை ஆய்ந்து தெளிதல் கடனாகும்.

நம் சங்கத்தின் கல்வி உதவி நிதியைக் குறித்து அன்பர் சிலர் அண்மையில் ஒரு கருத்தை வெளியிட்டு வருகின்றனர். நிதியோ சிறிது; வேண்டுவோரோ பலர். ஆதலின் இனிமேல் பொறியியல், கணினி, மருத்துவம், கணக்காய்வு முதலிய பொருளீட்டும் துறைகளைப் பயில்வார்க்கே உதவி அளித்தல் வேண்டும் என்பதும், தமிழ், வரலாறு, மெய்யியல், தூய கணிதம் முதலியவற்றைப் பயில்வார்க்கு அளிப்பது ஆற்றிற் கரைத்த புளியாம் என்பதும் அவர்தம் கருத்து. பள்ளிகளிலுங்கூட, பின்னாளில் ஊதியம் தாராத பாடங்களைக் குறைத்துத் தொழிற்குதவும் பாடங்களை மிகுத்தல் வேண்டுமென்று கூறுவாரும் உளர். இவ்வன்பர்கள் கல்விக்குப் பகைவரல்லர். அவருட் பலர் வறுமையிற் பிறந்து, கடன்பட்டுக் கற்று, தம் குடும்பத்தைத் தாமே தாங்கி உயர்த்தியவர். அவர் சொல்லை இகழ்ந்து ஒதுக்குதல் அறமாகாது. ஆயினும் அவர் சொல்வது புதிய கருத்தன்று. நம் நாட்டில் கடந்த 200 ஆண்டுகளாக அக்கருத்துப் பலமுறை செயற்படுத்தப் பெற்றுள்ளது; அதன் விளைவும் நம் கண்முன் கிடக்கின்றது. அவ்வரலாற்றைச் சுருங்க எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒன்று கூறுவாம். கல்வியும் பொருளும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை என்று நம் முன்னோர் கருதினாரல்லர். திருவள்ளுவர் கல்வி என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைத்திலர்; பொருட்பாலில் 40-ஆம் அதிகாரமாக வைத்தார். பொருள் செயல்வகை என்னும் 76-ஆம் அதிகாரமும் அப்பாலின்கண்ணதே. இரண்டும் ஒரு கூரையின்கீழ் உறைவன. எனினும், பொருளீட்டும் வகையைக் கூறும் அதிகாரத்துள் கல்வியை ஓர் உறுப்பாக அவர் அடக்கினாரல்லர். அதற்குத் தனியிடம் வகுத்து, முன்னே நிறுத்தினார். இவ்வைப்பு முறை சிந்திக்கத்தக்கது.

இனி, பழைய திண்ணைப் பள்ளிகளை நோக்குவாம். சர் தாமஸ் மன்றோ என்பார் 1820 முதல் 1827 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர். மாகாணத்தில் எத்துணைப் பள்ளிகள் உள்ளன, அவற்றுள் யாவர் பயில்கின்றனர், யாவை பயிற்றப்படுகின்றன என்று கணக்கெடுத்து அனுப்புமாறு 1822-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் மாவட்டக் கலெக்டர்களுக்குக் கட்டளையிட்டார். அவ்விவரங்களைத் தொகுத்து 1826-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் எழுதிய குறிப்பில், மாகாணத்துப் பள்ளிகள் 12,498 என்றும், ஏறத்தாழ ஆயிரம் மக்களுக்கு ஒரு பள்ளி என்றும் காணப்படுகின்றது. அரசாங்கத்தார் பொருளுதவி பெரும்பாலும் இன்றி, ஊரார் கொடுத்த நெல்லையும் காசையும் கொண்டே அவை நடந்து வந்தன.

அப்பள்ளிகளிற் கற்பித்தவை யாவை? பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகி, பின்பு ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதினர். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று என்பவற்றை வாய்ப்பாடமாக ஒப்பித்தனர். ஓலைச் சீட்டும் கணக்கும் எழுதக் கற்றனர். இவையெல்லாம் வயலுக்கும் கடைக்கும் கணக்கர் வேலைக்கும் நேரே உதவுவன. பொருட்பயன் நோக்கிய பாடம் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா. ஆயினும் அதே திண்ணையில், அதே பிள்ளை, ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் நிகண்டையும் மனனம் செய்தான். நெல்லளக்க நிகண்டு வேண்டுவதன்று. ஆயினும் நெல்லளப்பவனும் நிகண்டறிதல் நன்று என்று அக்கால ஆசிரியர் கருதினர்.

அவ்விருவகைப் பாடங்களுக்கும் பின்னாளில் நேர்ந்தது யாது என்பதை நோக்குமின். மா என்பது 20-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒரு பங்கு. முந்திரி 320-இல் ஒரு பங்கு. இக்கீழ்வாய் எண்களை ஒரு நொடியிற் கூட்டிக் கழிக்கும் திறமை அக்காலத்தில் மிக்க ஊதியம் தரும் திறமையாக இருந்தது. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் ரூபாய் 100 காசாக வகுக்கப்பட்டது. 1958 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வந்தன. அணாவும், வீசையும், பலமும், மரக்காலும் வழக்கொழிந்தன; அவற்றோடு அத்திறமையும் விலைபோகாப் பண்டமாயிற்று. ஆத்திசூடியோ இன்றும் நம் பிள்ளைகளின் வாயில் இருக்கின்றது. நேரே பயன் தரும் என்று கற்பித்தது பயனற்றுப் போயிற்று. பயன் கருதாது கற்பித்தது நின்றது.

அப்பள்ளிகளைக் குறைவற்றன என்று புகழ்தலும் நம் கருத்தன்று. அக்கணக்கெடுப்பிற் பெண்குழந்தைகள் மிகச் சிலரே காணப்படுகின்றனர். தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு அத்திண்ணை பெரும்பாலும் எட்டாததாகவே இருந்தது. அவர்க்கு எழுத்தால் ஆவது என்னை என்று கேட்டோர் ஊர்தோறும் இருந்தனர். பயன் என்னும் சொல் பிறரை வாயிலில் நிறுத்தும் தாழ்க்கோலாகவும் ஆகும் என்பதை ஈண்டுக் குறித்துக் கொள்வோமாக.

நிற்க. கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆட்சியில் இவ்வினா வேறொரு வடிவுகொண்டது. கம்பெனியாருக்கு நிலமளப்போர் வேண்டியிருந்தமையால் 1794-ஆம் ஆண்டில் சென்னையில் எட்டுச் சிறுவரைக் கொண்டு நிலவளவைப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அதுவே வளர்ந்து பின்னர்க் கிண்டிப் பொறியியற் கல்லூரியாயிற்று. அது நன்றே, அதனால் நாடு பெற்ற நலம் பெரிது. ஆயினும் அப்பாடம் தெரிந்தெடுக்கப்பட்டது அச்சிறுவரின் பயன் கருதியன்று, கம்பெனியாரின் பயன் கருதியே என்பது தெளிவு.

1835-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மெக்காலே தம் குறிப்பை எழுதினார். மறுமாதமே ஆளுநர் தலைவராகிய பெண்டிங்கு ஆங்கிலக் கல்விக்கு ஆணையளித்தார். 1844-ஆம் ஆண்டில் ஹார்டிஞ்சு என்பார், ஆங்கிலக் கல்வி பெற்றோர்க்கு உத்தியோகங்களில் முதன்மை தருமாறு வங்கத்தில் ஆணை பிறப்பித்தார். 1854-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சார்லஸ் உட்டு என்பார் பெயரால் வந்த கல்வி அறிக்கை, மக்கள் அவரவர் நிலைக்கேற்ற பயனுள்ள அறிவைப் பெறல் வேண்டும் என்று கூறியது. அவ்வறிக்கை அதனோடு நின்றிலது. அக்கல்வியால் நம்பத்தக்க ஊழியர் அரசாங்கத்துக்குக் கிடைப்பர் என்றும், ஆங்கில நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு வேண்டும் மூலப்பொருள்கள் மிகுதியாகக் கிட்டும் என்றும், அந்நாட்டுப் பண்டங்களுக்கு ஈண்டு முடிவிலாத வாணிகம் பெருகும் என்றும் வெளிப்படையாகவே எடுத்துரைத்தது. பயனுள்ள கல்வி என்று ஒருவர் கூறுங்கால், யார்க்குப் பயன் என்று வினவுதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1857-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. தேர்வும் பட்டமும் உத்தியோகத்துக்கு வாயிலாயின. அந்நாள் முதல் தந்தையர் கணக்கு எளிதாயிற்று. ஆங்கிலம் கற்றால் சம்பளம். தமிழ் கற்றால் யாதுமில்லை. இக்கணக்குப் பொய்யன்று. அக்காலத்துத் தமிழ்ப் புலவர் பலர் மடங்களையும் ஜமீன்களையும் நாடி, ஒருவேளை உணவுக்கும் பிறர் முகம் பார்த்து வாழ்ந்தனர். ஆதலின் அத்தந்தையரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் எல்லோரும் அக்கணக்கின்படியே ஒழுகியிருப்பின் நாம் இழந்திருக்கக்கூடியவை யாவை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கும்பகோணம் அரசினர் கல்லூரியின் வரலாற்றிலிருந்து இருவரை எடுத்துக் காட்டுவாம். ஒருவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர். அவர் 1855-ஆம் ஆண்டிற் பிறந்தவர். அவர் தந்தையார் இசை வல்லவர், செல்வரல்லர். ஆங்கிலம் படிக்க வைத்தால் குடும்பம் தழைக்கும் என்று சொன்னோரும், வடமொழியும் தெலுங்கும் கற்றால் நலம் என்று சொன்னோரும் இருந்தனர். பிள்ளையின் மனமோ தமிழிலே சென்றது. 1871-ஆம் ஆண்டில் மாயூரத்திலிருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். 1880-ஆம் ஆண்டில் தியாகராச செட்டியார் ஓய்வுபெற்ற இடத்தில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே, அவ்வூரில் முனிசீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டோ என்று அவரை வினவினார். அவ்வினாவே வித்தாயிற்று. 1887-இல் சீவகசிந்தாமணியும், 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் அவர் பதிப்பாக வெளிவந்தன. கறையானுக்கு இரையாகிக்கொண்டிருந்த ஓலைகள் உலகத்தார் கைக்குக் கிட்டும் நூல்களாயின. 2004-ஆம் ஆண்டில் இந்திய அரசு தமிழைச் செம்மொழி என்று அறிவித்ததற்கு அடிப்படையாக நின்றவை இத்தகைய பழநூல்களே. அன்று அச்சிறுவன் பயனுள்ள பாடத்தைத் தெரிந்திருப்பின், நமக்கொரு நல்ல கணக்கர் கிடைத்திருப்பார்.

மற்றொருவர் கணிதமேதை சீனிவாச இராமானுஜன். அவர் 1904-ஆம் ஆண்டில் அக்கல்லூரியிலேயே உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களிற் பின்தங்கியமையால் அவ்வுதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னையிற் பயின்றும் தேர்வில் வெற்றி கண்டிலர். 1912-ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1913-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் உலகறிந்தது. அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. அவ்வுதவி எந்தத் தொழிலுக்காகவும் அளிக்கப்பட்டதன்று, ஆராய்ச்சிக்கென்றே அளிக்கப்பட்டது. 1918-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினராகி, 1920-ஆம் ஆண்டில் 32 வயதிலேயே அவர் மறைந்தார்.

இராமானுஜன் ஈடுபட்ட துறைகளுள் தலையாயது எண் கோட்பாடு. அது எவ்வகைத் தொழிற்பயனும் அற்றது என்பதையே ஒரு பெருமையாக ஹார்டி 1940-ஆம் ஆண்டில் எழுதிய நூலிற் பேசினார். ஆனால் 1977-ஆம் ஆண்டில் அறிஞர் மூவர், இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வரும் எண்ணை மீண்டும் பகுத்தல் அரிது என்னும் உண்மையைக் கொண்டே செய்திகளை மறைத்தனுப்பும் முறையொன்றை வகுத்தனர். வங்கிக் கணக்குகளையும் கடிதங்களையும் கணினி வழியே காத்தனுப்புதற்கு அம்முறை பெரிதும் பயன்பட்டு வந்துள்ளது. பயனற்றது என்று அத்துறையின் தலைவரே சொன்ன துறை, 40 ஆண்டுகள் கழிவதற்குள் வாணிகத்தின் காவற்கூடமாயிற்று. வல்லுநர்க்கே முன்னறிய இயலாத பயனை நம் சங்கத்தின் நிதிக்குழுவினர் முன்னறிந்து வரையறுத்தல் இயலுமோ?

இவ்விருவரும் அரியர்; எல்லாப் பிள்ளைகளும் சாமிநாதையரும் இராமானுஜனும் ஆவரோ என்று அன்பர் வினவலாம். நன்று. அரியரல்லாதார்க்கும் பொருந்தும் செய்தி ஒன்று உளது. பொருளீட்டும் கல்வியும் பொருளீட்டாக் கல்வியும் ஒருவரிடத்தே கூடி வாழ்தல் இயலும். யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். அப்பட்டத்தால் அரசாங்க உத்தியோகம் பெற்றார். அவ்வூதியத்தையும் ஓய்வையும் செலவிட்டு 1881-இல் வீரசோழியத்தையும், 1887-இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். உத்தியோகத்துக்கு உதவாத தமிழறிவு அவரிடம் இல்லாதிருப்பின், அவ்வுத்தியோகம் அவர் ஒருவர் வயிற்றோடு முடிந்திருக்கும். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அதனால் ஒரு காசும் வருவாயில்லை, செலவே மிகுதி. அவரே 1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தோற்றுவித்த சுதேசிக் கப்பற் கம்பெனிக்குத் தலைவராக அமர்ந்தார். ஏடு காத்த கையே கப்பலும் விட்டது. சிதம்பரனாரும் கப்பலோட்டியதோடு அமையாது தொல்காப்பிய உரையைப் பதிப்பித்தவர். ஆதலின் தமிழ் கற்றார் தொழிலறியார் என்பதும், தொழிலறிந்தார்க்குத் தமிழ் வேண்டா என்பதும் வரலாற்றுக்கு ஒவ்வாத கூற்றுக்கள்.

இனி, நம் போன்ற சங்கங்கள் ஊன்றி நோக்கவேண்டிய ஒரு நிகழ்ச்சியைக் கூறுவாம். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வார்தாவிற் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை எடுத்துரைத்தார். கையும் கருத்தும் ஒருங்கே பயிலுதல் வேண்டும் என்பது அதன் கொள்கை. எல்லாப் பிள்ளைகளும் தொழில் பயிலுதல் என்பதில் ஏற்றத்தாழ்வு இல்லை. 1953-ஆம் ஆண்டில் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த இராஜாஜி கொணர்ந்த திட்டமோ வேறு தன்மையது. நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. பிள்ளைகள் இரண்டு பிரிவாக வருவர். எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலை அவரோடிருந்து பழகுவர். ஆசிரியரும் கட்டிடமும் போதாமையால், உள்ளவற்றைக் கொண்டே மிகுதியான பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொணரலாம் என்பதும், கைத்தொழிலின்மேல் மதிப்பு வளரும் என்பதும் அவர் கூறிய காரணங்கள். அவற்றைப் பொய்க் காரணங்கள் என்று தள்ளுதல் நேர்மையாகாது.

ஆயினும் மக்கள் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தனர். அப்பெயரே அதன் குற்றத்தை உணர்த்துவது. தந்தையின் தொழில் இன்னது. ஆதலின் பிள்ளைக்குப் பயன்படும் பாடம் இன்னது என்று அது முடிவு கட்டிற்று. மேலும், அது நாட்டுப்புறத்துக்கே வகுக்கப்பட்டது. நகரத்துப் பிள்ளைக்கு முழுநாட் பள்ளி, உழவன் பிள்ளைக்கும் வண்ணான் பிள்ளைக்கும் அரைநாட் பள்ளி என்றாயிற்று. பெரியார் ஈ. வெ. ராமசாமியும் அவரைச் சார்ந்தாரும், திராவிட முன்னேற்றக் கழகத்தாரும், இராஜாஜியின் சொந்தக் கட்சியினருட் பலரும் அதனை மறுத்தனர். 1954-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1956-ஆம் ஆண்டில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எழுத்தறிந்தார் ஏறத்தாழ ஐவருள் ஒருவர். 2011-ஆம் ஆண்டில் நூற்றுக்கு 80 பேர். இன்று நம் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று பொறியியலின் பெருமையைப் பேசும் அன்பர் பலரின் தந்தையரும் தாய்மாரும் 1954-க்குப் பின் முழுநாட் பள்ளியில் அமர்ந்தவர்களே. அவர் தம் குலத்தொழிலுக்கு வேண்டும் அளவே கற்றல் போதும் என்று அன்று முடிவாகியிருப்பின், இன்று இக்கூட்டமும் இவ்வாறு இராது.

பெண் கல்வியிலும் இதே கதை. தையலும் சமையலும் கடிதம் எழுதத்தக்க எழுத்தறிவும் பெண்ணுக்குப் பயனுள்ள பாடங்கள் என்று நெடுங்காலம் கூறினர். புதுக்கோட்டையிற் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அவ்வளவில் அமைந்திலர். ஆண்களே பயின்ற கல்லூரியிற் சேர்ந்து கற்று, 1912-ஆம் ஆண்டில் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1927-ஆம் ஆண்டில் சட்டசபைத் துணைத் தலைவரானார். 1954-ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். பிறர்க்குப் பயனுள்ளது இது என்று ஒருவர் வரையறுக்குங்கால், அவ்வரையறை பெரும்பாலும் அப்பிறர் இருக்கும் இடத்திலேயே இருத்தற்கு இடும் வேலியாகின்றது. நம் முன்னோர் அவ்வேலிக்குள் நின்று வருந்தியவர். அவர் வழிவந்த நாம் நம் ஏழைப் பிள்ளைகளுக்கு அதனை நம் கையாலேயே இடுதல் முறையோ?

இன்னும் ஒன்று. பொருட்பயன் என்பது நிலைத்து நிற்கும் பொருளன்று. தந்தி அனுப்பும் தொழிலைப் பயின்றவர் ஒருகாலத்தில் சர்க்கார் உத்தியோகம் உறுதி என்று மகிழ்ந்தனர். 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இந்தியாவில் தந்தி நிறுத்தப்பட்டது. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பயிற்றும் நிலையங்கள் தெருத்தோறும் விளங்கின. கணினி வந்தபின் தட்டெழுத்துப் பொறிகள் பழம்பொருளாயின. பொறியியல் ஒன்றே வாழ்வு என்று எல்லோரும் ஓடிய ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் பொறியியற் கல்லூரிகள் 500-க்கு மேற் பெருகின. பின்னர் அவற்றுட் பலவற்றில் இடங்கள் நிரம்பாமற் கிடந்தன. ஒரு பிள்ளை முதல் வகுப்பிற் சேர்ந்து பட்டம் பெற்று வெளிவர ஏறத்தாழ 16 ஆண்டுகள் செல்லும். 16 ஆண்டுகளுக்குப் பின் சந்தையில் எப்பண்டம் விலைபோகும் என்று அறிந்து இன்றே விதைப்பார் யாருளர்? விதைநெல்லைப் பலவகையாகக் காப்பாற்றி வைப்பவனே தேர்ந்த உழவன்.

நமக்கெதிரே நிற்கும் வலிய வாதம் ஒன்றே. ‘செல்வர் பிள்ளைகள் எதனையும் கற்கலாம், கடன்பட்ட வீட்டுப் பிள்ளை வேலைக்கு உதவாத பாடத்தைக் கற்றுத் தெருவில் நிற்பானாயின், அவன் தாய்க்கு விடை கூறுவார் யார்?’ என்பது அது. இவ்வாதத்தில் உண்மையுண்டு. பட்டம் பெற்றும் வேலையின்றி வாடும் இளைஞரை நாள்தோறும் காணும் பள்ளியாசிரியன் அதனை மறுத்தல் இயலாது. ஆயின் அத்துன்பத்துக்குக் காரணம் பாடத்தின் பெயர் மட்டுமன்று. வேலையின்றி நிற்பாருள் பொறியியல் கற்றாரும் உளர்; விருப்பமின்றிப் பிறர் சொற்கேட்டுச் சேர்ந்து பாதியில் விட்டாரும் உளர். தெளிவாகப் படித்தறிதல், பிழையின்றி எழுதுதல், கணக்கிற் கலங்காமை, கற்றதைப் புதிய இடத்தில் பொருத்துதல் என்னும் நான்கும் உடையான் எத்துறையினும் பிழைப்பான். இந்நான்கையும் வளர்ப்பன மொழியும், கணிதமும், அறிவியலும், வரலாறும் ஆகிய பொதுப் பாடங்களே. மேலும், ‘செல்வர் எதனையும் கற்கலாம், ஏழை ஊதியத்தையே கற்றல் வேண்டும்’ என்பது மெய்யாயின், நம் வரலாற்றை எழுதுவோரும், நம் மொழியை ஆள்வோரும், சட்டத்தையும் அறத்தையும் ஆராய்வோரும் என்றும் பிறர் வீட்டுப் பிள்ளைகளாகவே இருப்பர். பொருள் மட்டும் ஈட்டி, தன்னைப் பற்றிப் பேசும் உரிமையைப் பிறரிடம் விட்ட சமூகம் முன்னேறிய சமூகமாகாது.

ஆதலின் நம் சங்கத்தார் முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம். பத்தாம் வகுப்பு முடியும் வரையில், தொழிற்பயன் கருதிப் பாடங்களைக் குறைக்கும் எம்முயற்சிக்கும் நம் சங்கம் துணைபோகாதிருத்தல் வேண்டும். அதன்பின் அளிக்கும் உதவியை, பாடத்தின் பெயரை நோக்காது, வறுமையையும் மாணவரின் ஊக்கத்தையும் நோக்கி அளித்தல் வேண்டும். மொழி, வரலாறு, தூய கணிதம் முதலியன பயில்வார்க்கு ஆண்டுதோறும் சில உதவித்தொகைகளையேனும் ஒதுக்குதல் வேண்டும். அவற்றைப் பயில்வார்க்கு, அத்துறையால் கிட்டக்கூடிய வேலைகள் இவை, எழுதவேண்டிய தேர்வுகள் இவை, உடன் கற்கத்தக்க தொழிற்கலை இது என்று, அனுபவம் வாய்ந்த உறுப்பினர் முன்னரே எடுத்துக் கூறுதல் வேண்டும். பயனைப் பற்றிப் பிள்ளைக்கு அறிவு கொளுத்துதல் நம் கடன். பயன் இதுவென்று கதவடைத்தல் நம் உரிமையன்று.

மாதம் 75 ரூபாய் அளித்த காலத்தில், அதனாற் பயன் யாது என்று சென்னைப் பல்கலைக்கழகத்தாருக்கு எவரும் உறுதிகூறி இரார். எனினும் அளித்தனர். அத்துணைப் பெரிய மனம் நம் சிறிய நிதிக்கும் வாய்க்குமாக. வரும் பொதுக்குழுவில் இப்பொருள் எடுத்துக்கொள்ளப்படுங்கால், அன்பர்கள் தம் பெற்றோர் எத்தகைய பள்ளியிற் பயின்றனர், எத்தகைய பள்ளி அவர்க்கு மறுக்கப்பட இருந்தது என்பவற்றை ஒருகணம் நினைந்து, பின்னர்த் தம் கருத்தை வழங்குவார்களாக.